லேசான நாளைக் கெடுக்காதவர்கள்

விளையாட்டுக் காயங்களைப் பார்க்கும் பிசியோதெரபிஸ்ட் நான். என்னிடம் வரும் இளம் வீரர்களில் ஒரு வகையினரை நாலு வார்த்தை பேசியதுமே அடையாளம் தெரிந்துவிடும். அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து வெறித்தனமாகப் பயிற்சி செய்யும் சாம்பியன்களின் வீடியோவைப் பார்த்துவிட்டு, மறுநாளே தாங்களும் அப்படி இறங்கியவர்கள். கீழ்க்கால் எலும்பில் வலி இருக்கும், இல்லையென்றால் குதிகால் தசைநாண் வீங்கியிருக்கும். "வலியைத் தாங்கினால்தானே மேலே வர முடியும்?" என்று கேட்பார்கள்.

உச்சத்தில் விளையாடுகிறவர்களும் வருகிறார்கள். அவர்கள் கடுமையாக உழைப்பவர்கள்தான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் வீடியோவில் வருவது அவர்களுடைய வாரத்தின் மிகக் கடினமான ஒரு மணி நேரம் மட்டும். மிச்ச நேரத்தைப் படம் பிடித்தால் யாரும் பார்க்க மாட்டார்கள், அவ்வளவு சப்பென்று இருக்கும்.

கென்யாவின் எலியுட் கிப்சோகேவை எடுத்துக்கொள்வோம். 2019 அக்டோபர் 12 அன்று வியன்னாவில் மாரத்தான் தூரத்தை 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் ஓடி முடித்தவர். அதிகாரப்பூர்வ சாதனையாக அது பதிவாகவில்லை என்றாலும், அந்தத் தூரத்தை இரண்டு மணி நேரத்துக்குள் முதன்முதலில் கடந்த மனிதர் அவர்தான். ஒரு கிலோமீட்டருக்கு மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. அதே மனிதர் லேசான பயிற்சி நாட்களில் அதைவிட வெகு மெதுவாகத்தான் ஓடுகிறார். புதிதாக ஓட வந்தவர்கள் பலருக்கு அப்படி மெதுவாக ஓட மனசு வராது. யாராவது முந்திக்கொண்டு போனால் பொறுக்காது.

இதற்கு உடலியல் காரணம் உண்டு. ஸ்டீபன் சைலர் என்ற ஆய்வாளர், துடுப்புப் படகு, பனிச்சறுக்கு, நீண்டதூர ஓட்டம் போன்றவற்றில் உச்சத்தில் இருப்பவர்களின் பயிற்சியை ஆராய்ந்தவர். அவர்களுடைய பயிற்சி அமர்வுகளில் சுமார் 80 சதவீதம், முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டே செய்யக்கூடிய அளவுக்கு லேசானவை என்று அவர் கண்டார். மிச்சம் 20 சதவீதத்தில்தான் உண்மையான கடுமை. என்னிடம் காயத்தோடு வருபவர்களின் வாரம் பெரும்பாலும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கும். லேசான நாளில் தேவைக்கு மேல் வேகம். அதனால் கடினமான நாளில் கால் வராது. இதில் இன்னொரு சிக்கல், உடம்பின் எல்லாப் பாகமும் ஒரே வேகத்தில் பழகுவதில்லை. மூச்சும் இதயமும் சில வாரங்களில் தேறிவிடும், தசையும் ஓரளவு சீக்கிரம் வந்துவிடும். தசைநாணுக்கும் எலும்புக்கும் மாதக்கணக்கில் ஆகும். "மூச்சு வாங்கவே இல்லை, அதனால் தூரத்தைக் கூட்டினேன்" என்று சொல்பவரின் எலும்பு இன்னும் பின்தங்கித்தான் இருக்கும்.

நான் பார்க்கும் ஒரு நடுத்தூர ஓட்ட வீராங்கனையின் காலை இப்படித் தொடங்கும். கண் விழித்ததும் எழுந்துவிட மாட்டார். படுத்தபடியே மணிக்கட்டில் விரல் வைத்து நாடித்துடிப்பை எண்ணுவார். தலைமாட்டில் ஒரு பழைய நோட்டு. தூங்கிய நேரம், நாடி, கால் எப்படி இருக்கிறது, மனசு எப்படி இருக்கிறது என்று நாலு விஷயம் எழுதுவார். ஒருநாள் பக்கத்தில் நாடி வழக்கத்தைவிட அதிகம், அருகே "கால் கனம். எரிச்சலா இருக்கு" என்று இருந்தது. பயிற்சியாளர் அதைப் படித்தார், அன்றைய வேக ஓட்டத்தை எடுத்துவிட்டு நாற்பது நிமிட லேசான ஓட்டம் என்று மாற்றினார், அவ்வளவுதான். வாக்குவாதம் இல்லை, "சோம்பேறி" என்ற பேச்சு இல்லை. கிப்சோகேவும் பல ஆண்டுகளாகத் தன் பயிற்சியைக் கையால் நோட்டில் எழுதி வருபவர்தான். விலை உயர்ந்த கைக்கடிகாரம் இருந்தால் நல்லதுதான், ஆனால் எரிச்சலாக இருக்கிறது என்பதை அது எழுதித் தராது. நாடி ஒருநாள் கூடியிருந்தால் பதற வேண்டியதில்லை. நாடி, தூக்கம், மனநிலை மூன்றும் சேர்ந்து சில நாட்கள் தொடர்ந்து சரிந்தால் பயிற்சியாளரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

தூக்கத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், எல்லாருக்கும் தெரியும், யாரும் செய்வதில்லை. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகக் கூடைப்பந்து வீரர்கள் 11 பேரை, ஐந்து முதல் ஏழு வாரங்கள் தினமும் பத்து மணி நேரம் படுக்கையில் இருக்கச் சொல்லிப் பார்த்தார்கள். 2011-இல் வெளியான அந்த ஆய்வில் அவர்களின் ஓட்ட வேகம் கூடியது, ஃப்ரீ த்ரோ (யாரும் தடுக்காமல் கூடையை நோக்கி எறியும் வாய்ப்பு) துல்லியம் 9 சதவீதம் ஏறியது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் நான்கு மணிக்கு அலாரம் வைப்பவரிடம் நான் முதலில் கேட்பது, முந்தைய இரவு எத்தனை மணிக்குப் படுத்தார் என்பதைத்தான்.

சாப்பாட்டுப் பிரச்சினை இதைவிட மோசம். எடை குறைந்தால் வேகம் கூடும் என்று தட்டைக் குறைத்துக்கொண்டே போகிறார்கள். செய்கிற பயிற்சிக்கு ஏற்ற ஆற்றல் உள்ளே போகாவிட்டால், உடம்பு தன் செலவைக் குறைக்க ஆரம்பிக்கும். ஹார்மோன்கள் இறங்கும், எலும்பு மெலியும், சளி காய்ச்சல் அடிக்கடி வரும். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-இல் இந்த நிலைக்குத் தனிப் பெயரே கொடுத்து எச்சரித்தது. பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போவதும் நின்றுபோவதும் இதன் முக்கியமான அறிகுறி. "கடுமையாகப் பயிற்சி செய்தால் அப்படித்தான் ஆகும்" என்று பயிற்சியாளர்களே சொல்வதைக் கேட்டிருக்கிறேன். தப்பு. மூன்று மாதம் வரவில்லை என்றால் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். ஆண்களுக்கும் இந்தக் குறைபாடு வரும், காட்டிக்கொடுக்க இப்படி ஓர் அடையாளம் இல்லாததால் தாமதமாகத்தான் தெரியவரும்.

சரி, மனவலிமைக்கு வருவோம். டென்னிஸ் வீரர் ரோஜர் ஃபெடரர் 2024-இல் ஒரு பட்டமளிப்பு விழாவில் தன் கணக்கைச் சொன்னார். 1,526 ஒற்றையர் ஆட்டங்கள், அவற்றில் ஏறக்குறைய 80 சதவீதம் வெற்றி. ஆனால் அவர் வென்ற புள்ளிகள் 54 சதவீதம்தான். கிட்டத்தட்ட ஒவ்வொரு இரண்டாவது புள்ளியிலும் தோற்றிருக்கிறார். டென்னிஸில் ஒரு புள்ளிக்கும் அடுத்ததற்கும் நடுவே 25 விநாடிதான் தருவார்கள். நல்ல வீரர்கள் அந்த நேரத்தில் என்ன செய்கிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள். முதுகைத் திருப்பிக்கொள்வார்கள், ராக்கெட் நரம்புகளை விரலால் நேராக்குவார்கள், ஒரு நீண்ட மூச்சு, துண்டு, அப்புறம் கோட்டுக்கு வருவார்கள். போன புள்ளியைக் கழற்றி வைக்கும் வேலை அது. அதையும் பயிற்சியில் பழகித்தான் வருகிறார்கள்.

மனக்காட்சிப் பயிற்சி என்றதும் மேடையில் நின்று பதக்கம் வாங்குவதைக் கற்பனை செய்கிறவர்கள் அதிகம். மைக்கேல் ஃபெல்ப்ஸ் தவறாகப் போகக்கூடியதையும் மனதில் ஓட்டிப் பார்ப்பவர். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 200 மீட்டர் பட்டர்ஃப்ளை நீச்சலில் அவருடைய கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்து, கடைசியில் எதுவும் தெரியவில்லை. கை வீச்சுகளை எண்ணிக்கொண்டே போய்ச் சுவரைத் தொட்டார். தங்கம், உலக சாதனை இரண்டும் கிடைத்தன.

அதே மனவலிமை நிறுத்தச் சொல்லும் நேரமும் உண்டு. 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ் அணி இறுதிப் போட்டியின் நடுவே விலகினார். காற்றில் சுழலும்போது உடல் எந்தப் பக்கம் இருக்கிறது என்ற உணர்வே தப்பிப்போயிருந்தது. அந்த நிலையில் தொடர்ந்திருந்தால் கழுத்தில் விழுந்திருக்கலாம். வாய்க்கு வந்தபடி விமர்சித்தார்கள். 2024 பாரிஸில் மூன்று தங்கமும் ஒரு வெள்ளியும் வாங்கினார்.

வலிக்கும் இதே அளவுகோல்தான். பயிற்சிக்கு மறுநாள் தசை முழுவதும் பரவலாக வலித்து, இரண்டு மூன்று நாளில் குறைந்தால் கவலை வேண்டாம். எலும்பின் மேல் ஒரே இடத்தை விரலால் தொட்டுக் காட்ட முடிகிற வலி, ஓட ஓடக் கூடுகிற வலி, இரவில் எழுப்பிவிடுகிற வலி, இவை வேறு. ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். மயிரிழை விரிசல் தொடக்க வாரங்களில் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறதே என்று மறுநாள் ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பாமல், எம்ஆர்ஐ தேவையா என்று அவரிடமே கேட்டுவிடுங்கள்.