கண்ட்ரோல் எஃப் காப்பாற்றாது: கால்பந்து ஏஜென்ட் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு

“ஓப்பன் புக்தானே சார், கண்ட்ரோல் எஃப் போட்டா வந்துடப் போகுது” என்றபடி லேப்டாப்பைத் திறந்தார் அந்தக் கோச். மாநில அணிக்கு ஆடியவர், வயது நாற்பதை ஒட்டி. வீரர்களுக்காக கிளப்புகளுடன் ஒப்பந்தம் பேசிக்கொடுக்கும் ஏஜென்ட் ஆக, ஃபிஃபாவின் கால்பந்து ஏஜென்ட் உரிமம் வாங்க வேண்டும் என்று என் அலுவலகத்துக்கு வந்திருந்தார். நான் விளையாட்டு ஒப்பந்தங்கள் பார்க்கும் வழக்கறிஞர். இந்தத் தேர்வுக்குப் படிப்பவர்கள் அவ்வப்போது என்னிடம் வருவார்கள்.

‘மைனர்’ என்று ஆங்கிலத்தில் தேடச் சொன்னேன். எண்டர் தட்டித் தட்டி ஏழாவது இடத்துக்கு வந்தவர், அது வேறு ஏதோ பிரிவு என்று தெரிந்து எட்டாவதுக்குப் போனார். “மூணு நிமிஷம் முடிஞ்சுபோச்சு. அடுத்த கேள்விக்குப் போங்க” என்றேன்.

கணக்கு இதுதான். 20 கேள்விகள், 60 நிமிடம். 15 சரியாக இருந்தால் தேர்ச்சி. ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ் ஆகிய மூன்றில் ஒன்றில்தான் எழுத முடியும். படிக்க வேண்டிய தொகுப்பு 500 பக்கங்களுக்கு மேல் போகும். 2023 ஏப்ரல் 19 அன்று நடந்த முதல் தேர்வை எழுதியவர்கள் 3,800 பேர், தேறியவர்கள் 1,962 பேர். புத்தகத்தைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு எழுதியும் பாதிக்குப் பாதி போய்விட்டது.

கொஞ்சம் பின்னணி. 2015-ல் ஃபிஃபா உரிம முறையையே கைவிட்டு, ‘இடைத்தரகர்’ என்று பதிவு செய்தால் போதும் என்று விட்டது. யார் வேண்டுமானாலும் பையில் லெட்டர்பேடுடன் கிளம்பிய காலம் அது. அப்புறம் 2022 டிசம்பரில் புதிய ஏஜென்ட் விதிமுறைகளுக்கு ஒப்புதல் கிடைத்தது, தேர்வும் திரும்பி வந்தது. ஆரம்பத்தில் அந்தந்த நாட்டுக் கால்பந்து சங்கங்கள் ஏற்பாடு செய்த மையத்தில் போய் எழுத வேண்டியிருந்தது. 2025 முதல் வீட்டிலிருந்தே இணையத்தில் எழுதலாம். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது.

தேர்வுக்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. அதை யாரும் தங்களைக் கேட்டுக்கொள்வதில்லை: நான் விண்ணப்பிக்கவே தகுதியானவனா? கோச்சிடம் “இப்ப சம்பளம் எங்கேர்ந்து வருது?” என்றேன். ஒரு கிளப்பின் ஜூனியர் அணிக்குப் பயிற்சி தருகிறார், மாதச் சம்பளம். அங்கேயே நின்றது வண்டி. கிளப், லீக், சங்கம் எதிலும் நிர்வாகியாகவோ ஊழியராகவோ இருப்பவர் ஏஜென்ட் ஆக முடியாது. இன்னொன்று, உரிமம் வருவதற்குள் ‘ஒரே ஒரு டீல்’ முடித்துக்கொள்ளும் ஆசை. விண்ணப்பிப்பதற்கு முந்தைய 24 மாதத்தில் உரிமமில்லாமல் ஏஜென்ட் வேலை பார்த்ததாகக் கண்டறியப்பட்டால் தகுதி போய்விடும். தெரிந்த பையனுக்கு கிளப் பார்த்துக் கொடுத்து கமிஷன் வாங்குவது நம் ஊரில் சாதாரணமாக நடக்கிறது. வாங்கியவர்களே பிறகு என்னிடம் வந்து, இதெல்லாம் விண்ணப்பத்தில் காட்ட வேண்டுமா என்று கேட்கிறார்கள். என்ன சொல்வது!

சரி, தேர்வுக்கு வருவோம். எல்லோரும் சறுக்கும் ஒரு இடத்தை எடுத்துக்கொள்கிறேன். கேள்வி நானே கட்டியது.

ஒரு பையனுக்கு அக்டோபர் 10-ல் 16 வயது முடிகிறது. அவன் வேலை செய்யப்போகும் நாட்டில் 16 வயதில் தொழில்முறை ஒப்பந்தம் போடலாம். ஏஜென்ட் ஒருவர் மார்ச் 20 அன்று பையனின் மாமாவுக்கு வாட்ஸ்அப்பில், “உங்க மருமகன் ஆட்டம் பார்த்தேன், பேசலாமா?” என்று அனுப்புகிறார். விதிமீறலா?

“மாமாகிட்டதானே பேசினாரு, பையன்கிட்ட பேசலையே” என்றார் கோச். ஏஜென்ட் விதிமுறையின் பதின்மூன்றாம் பிரிவை மட்டும் படித்தவர் அப்படித்தான் சொல்வார். அந்தப் பிரிவு சொல்வது: மைனர் முதல் தொழில்முறை ஒப்பந்தம் போடக்கூடிய வயதை எட்டுவதற்கு ஆறு மாதத்துக்கு மேல் இருக்கும்போது அணுகக் கூடாது. அந்த ஆறு மாதத்துக்குள் வந்தாலும், பாதுகாவலரின் எழுத்துபூர்வ அனுமதி கையில் வந்த பிறகே அணுக வேண்டும். அக்டோபர் 10-க்கு ஆறு மாதம் முன்னால் என்றால் ஏப்ரல் 10. மார்ச் 20 தவறு. தேதி விஷயம் முடிந்தது, மாமா விஷயம்? ‘அணுகுதல்’ என்ற சொல்லுக்கு விளக்கம் பதின்மூன்றாம் பிரிவில் இல்லை. தொடக்கத்தில் உள்ள வரையறைப் பகுதியில் இருக்கிறது. குடும்பத்தாரோ நண்பரோ யாரைத் தொடர்புகொண்டாலும், வேறொருவரை விட்டுப் பேசச் சொன்னாலும் அது அணுகுதலே. மாமா, பெரியப்பா, பக்கத்து வீட்டு அண்ணன் எல்லோரும் இதில் அடக்கம்.

அனுமதி வாங்கவே பேசித்தானே ஆகவேண்டும், அது அணுகுதல் ஆகாதா என்று வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் 3 நிமிடத்தில் அதை விவாதிக்க இடமில்லை. விதி என்ன சொல்கிறதோ அதைக் குறியுங்கள்.

இதே கேள்வியில் இன்னொரு வரி சேர்த்தால் அடுத்த ஆவணத்துக்குப் போக வேண்டும். பையனை வேறு நாட்டு கிளப்புக்கு அனுப்பலாமா? அதற்குப் பதில் ஏஜென்ட் விதிமுறையில் கிடையாது. வீரர்களின் தகுநிலை, இடமாற்ற விதிமுறையின் 19-ஆம் பிரிவில் இருக்கிறது: 18 வயதுக்குள் சர்வதேச இடமாற்றம் கூடாது, விதிவிலக்குகள் சில உண்டு. பெற்றோர் கால்பந்துக்குத் தொடர்பில்லாத காரணத்துக்காகக் குடிபெயர்வது அதில் ஒன்று. எல்லையிலிருந்து 50 கிலோமீட்டருக்குள் வீடும் கிளப்பும் இருப்பது இன்னொன்று. ஒப்பந்தம் எத்தனை ஆண்டு என்று கேட்டால் 18-ஆம் பிரிவு: மைனருக்கு அதிகபட்சம் 3 ஆண்டு, மற்றவர்களுக்கு 5. ஏஜென்டுக்கும் வீரருக்கும் இடையிலான ஒப்பந்தமோ 2 ஆண்டுதான், தானாகப் புதுப்பிக்கவும் முடியாது. 2, 3, 5 மூன்றும் விடைகளின் வரிசையில் நிற்கும்போது குழம்பாதவர் குறைவு.

ஆகவே நான் மனப்பாடம் செய்யச் சொல்வதில்லை. ஒரு தாளில் இடதுபக்கம் சொற்கள், வலதுபக்கம் ஆவணமும் பிரிவு எண்ணும் எழுதச் சொல்கிறேன். மாமா என்றால் வரையறைப் பகுதி. வெளிநாடு, 17 வயது என்றால் இடமாற்ற விதி 19. சம்பளப் பாக்கி என்றால் இடமாற்ற விதி 14-க்கு அடுத்த துணைப்பிரிவு. கமிஷன் தகராறு என்றால் கால்பந்துத் தீர்ப்பாயத்தின் ஏஜென்ட் பிரிவு. இந்தத் தாளை அவரவர் கையால் எழுத வேண்டும். பத்து ரூபாய்க்கு ஜெராக்ஸ் எடுத்தது வேலைக்கு ஆகாது. தேர்வு நேரத்தில் எதெல்லாம் மேசையில் இருக்கலாம் என்பதை அந்த ஆண்டுத் தேர்வு அறிவிப்பில் வரிவரியாகப் படித்துக்கொள்ளுங்கள்.

ஏஜென்ட் வாங்கும் கட்டணத்தின் கணக்கும் இப்படித்தான். வீரரின் ஆண்டுச் சம்பளம் 3 லட்சம் டாலர், ஏஜென்ட் வீரருக்கு மட்டும் வேலை செய்கிறார். உச்சவரம்பு எவ்வளவு? 2 லட்சம் வரை 5%, அதற்கு மேல் உள்ள தொகைக்கு 3%. மொத்தத்துக்கும் 3% போட்டு 9,000 என்பவர்கள் உண்டு, 5% போட்டு 15,000 என்பவர்களும் உண்டு. வருமான வரி ஸ்லாப் போல நினைத்தால் வந்துவிடும்: 10,000 கூட்டல் 3,000, ஆக 13,000. வீரர், அவரைச் சேர்க்கும் கிளப் என இரண்டு பக்கமும் சம்மதத்தோடு வேலை செய்தால் 10%, 6%. அப்போது 26,000.

ஆனால் இந்த உச்சவரம்புக்கு ஒரு கதை இருக்கிறது. ஜெர்மனியின் டார்ட்மண்ட் நீதிமன்றம் தடை விதித்ததைத் தொடர்ந்து, 2023 டிசம்பர் 30 அன்று உச்சவரம்பு உள்ளிட்ட சில விதிகளை ஃபிஃபா உலகெங்கும் தற்காலிகமாக நிறுத்தி வைத்தது. இடமாற்ற விதியிலும் மாற்றம் வந்தது. பிரான்ஸின் முன்னாள் வீரர் லஸானா டியாராவின் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 2024 அக்டோபர் 4 அன்று தீர்ப்பளித்த பிறகு, ஒப்பந்த முறிவு பற்றிய 17-ஆம் பிரிவை ஃபிஃபா இடைக்காலமாகத் திருத்தி, 2025 ஜனவரி முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. வாட்ஸ்அப் குழுக்களிலோ 2023-ன் பிடிஎஃப் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. “நண்பர் பாஸ் பண்ணின நோட்ஸ் சார்” என்று ஒருவர் ஸ்பைரல் போட்டுக் கொண்டுவந்தார். அழகான கையெழுத்து. பாதி வரிகளை அடிக்க வேண்டியிருந்தது. நீங்கள் எழுதும் ஆண்டுக்கென ஃபிஃபா வெளியிடும் தொகுப்பை மட்டும் இறக்கிக்கொள்ளுங்கள், இலவசம்தான். அதை விலைக்கு விற்பவரிடமும், ‘பாஸ் கேரண்டி’ என்பவரிடமும் பணம் கட்டாதீர்கள்.

வீட்டில் தேர்வு என்பதால் வரும் தொல்லைகள் தனி. கேமரா பார்த்துக்கொண்டிருக்கும் தேர்வில் அறைக்குள் இன்னொரு குரல் கேட்பதே சந்தேகத்தைக் கிளப்பும். மாதிரித் தேர்வு ஒன்றை கோச்சுக்கு அவர் வீட்டிலேயே வீடியோ காலில் வைத்தேன். ஆறாவது கேள்வியில் அவர் அம்மா காபி டம்ளருடன் வந்து, “எவ்வளவு நேரமா கூப்பிடறேன்” என்றார். பதினோராவது கேள்வியில் கரண்ட் போயிற்று. லேப்டாப்பில் சார்ஜ் இருந்தது, வைஃபை ரூட்டருக்கு இன்வெர்ட்டர் லைன் இல்லை. இரண்டையும் அன்றைக்கே தெரிந்துகொண்டது நல்லதாயிற்று. ரூட்டரை இன்வெர்ட்டரில் மாட்டுங்கள், அலுவலக லேப்டாப்பைத் தொடாதீர்கள் (அதில் தேர்வு மென்பொருளை நிறுவ அனுமதி இருக்காது), அறிவித்த நேரம் எந்த நாட்டு நேரம் என்று பார்த்து இந்திய நேரத்துக்கு மாற்றி எழுதி வையுங்கள். விண்ணப்பத்தில் உள்ள பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். இனிஷியலை விரித்து எழுதும் நம் ஆட்களுக்கு இது ஓயாத தலைவலி.

அந்த மாதிரித் தேர்வில் கோச் எடுத்தது 14. ஒன்றில் போனது. எங்கே என்று பார்த்தால், இரண்டு விடைகளைக் குறிக்க வேண்டிய கேள்வியில் முதல் சரியான விடையைக் கண்டதுமே சந்தோஷமாக அடுத்ததுக்குப் போயிருக்கிறார். விதி தெரிந்திருந்தது, கேள்வியை முழுசாகப் படிக்கவில்லை. ஆங்கிலத்தில் ‘அன்லெஸ்’, ‘ஒன்லி’ போன்ற சின்னச் சொற்களையும் அவர் கண் தாண்டிப் போகிறது. இனி ஒவ்வொரு கேள்வியையும் வாய்விட்டுத் தமிழில் சொல்லிப் பார்த்துவிட்டு விடைக்குப் போகச் சொன்னேன். அசல் தேர்வில் கேமரா முன்னால் வாயசைத்தால் வம்பு என்பதால், ஒரு மாதம் வாய்விட்டு, அப்புறம் மனசுக்குள்.

கிளப் வேலையை விடுவதா வேண்டாமா என்று அவர் இன்னும் முடிவு செய்யவில்லை. உரிமம் கிடைத்தால் ஆண்டுக்கு 600 டாலர் ஃபிஃபாவுக்குக் கட்ட வேண்டும், தொடர்கல்விப் புள்ளிகளையும் ஆண்டுதோறும் சேர்க்க வேண்டும், முதல் கமிஷன் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வீட்டில் பேசிவிட்டு அடுத்த வாரம் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.