மூலிகை, அக்குபஞ்சர் ஆய்வுகளில் சேர்பவருக்கு உள்ள உரிமைகள்: நெல்லைச் சீமை மக்களுக்கு ஒரு விளக்கம்

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964-இல் தொடங்கப்பட்டது. மூட்டுவலி, தோல் நோய், மஞ்சள் காமாலை என்று பலவற்றுக்கும் மருந்து வாங்க அம்பாசமுத்திரம், நாங்குநேரி, களக்காடு வட்டாரங்களிலிருந்து மக்கள் இன்றும் அங்கே வருகிறார்கள். சித்த மருத்துவத்தில் பட்ட மேற்படிப்பு படிக்கும் மருத்துவர்கள் ஒரு மருந்தை நோயாளிகளிடம் சோதித்து ஆய்வேடு எழுதுவது அந்தப் படிப்பின் ஒரு பகுதியாகும். இவை தவிர, மூலிகைச் சத்தைப் பிரித்தெடுத்துச் செய்யப்பட்ட மாத்திரைகளையும், உடலில் ஊசி குத்திச் செய்யும் அக்குபஞ்சர் சிகிச்சையையும் சோதிக்கும் ஆய்வுகளை மருத்துவக் கல்லூரிகளும் நிறுவனங்களும் நடத்துகின்றன. இப்படியோர் ஆய்வில் சேரும்படி உங்களிடமோ உங்கள் வீட்டுப் பெரியவரிடமோ கேட்கப்பட்டால், சட்டமும் வழிகாட்டு நெறிகளும் உங்களுக்கு எவற்றை உறுதிசெய்கின்றன என்பதை இங்கே விளக்குகிறேன்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "ஐயா, இது வைத்தியமா, ஆராய்ச்சியா?" என்பதுதான். வைத்தியத்தில் மருத்துவர் தாம் நல்லது என்று நம்பும் மருந்தை உங்களுக்காகவே தேர்ந்து தருகிறார். ஆராய்ச்சியில், உங்களுக்கு எது கிடைக்கும் என்பதைப் பல வேளைகளில் குலுக்கல் முறையே தீர்மானிக்கிறது. ஒரு பிரிவினருக்குச் சோதிக்கப்படும் மருந்தும், மற்றொரு பிரிவினருக்கு ஏற்கெனவே வழக்கத்தில் உள்ள மருந்தோ, மருந்துச் சத்தே இல்லாத வெற்று மாத்திரையோ தரப்படலாம். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. மருந்து உண்மையிலேயே வேலை செய்ததா, அல்லது நோய் தானாகவே தணிந்ததா என்பதை அறிவதற்கு இதுவே நம்பகமான வழி.

கீழாநெல்லி ஆய்வு இதற்கு நல்ல சான்று. ஹெபடைடிஸ் பி கிருமியை உடலில் சுமந்திருந்தவர்களிடம் சென்னையில் நடத்தப்பட்ட அந்த ஆய்வின் முடிவு 1988-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வெளியானது. 30 நாட்கள் கீழாநெல்லி எடுத்துக்கொண்ட 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளப் பொருள் இரத்தத்தில் காணாமற்போயிருந்தது. வெற்று மருந்து எடுத்துக்கொண்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அப்படி ஆகியிருந்தது. ஆனால், பின்னர் வேறு நாடுகளில் நடந்த ஆய்வுகளில் அதே பலன் கிடைக்கவில்லை. தலைமுறை தலைமுறையாக நாம் நம்பும் ஒரு செடியைப் பற்றியே கேள்வி இன்னும் முடியவில்லை என்றால், ஆய்வில் சேரும் ஒருவர் நிச்சயமான குணத்தை எதிர்பார்த்துச் சேரக் கூடாது என்பது விளங்கும். அவ்வாறு நிச்சயம் என்று யாரேனும் வாக்களித்தால், அந்த வாக்கே விதிக்கு மாறானது.

அடுத்து, நீங்கள் சேரப்போகும் ஆய்வு எந்த விதியின் கீழ் வருகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். உங்களுக்கு உள்ள பாதுகாப்பின் வலிமை பெரும்பாலும் இதைப் பொறுத்ததே என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது. மூலிகையிலிருந்து பிரித்தெடுத்துத் தூய்மையாக்கப்பட்டு, குறைந்தது நான்கு வேதிப்பொருள்களின் அளவு கணக்கிட்டுக் காட்டப்பட்ட மருந்தை 2015 நவம்பரில் வெளியான அறிவிக்கை பைட்டோபார்மசூட்டிக்கல் என்ற தனி வகையாக வரையறுத்தது. இத்தகைய மருந்து புதிய மருந்தாகவே கருதப்படுவதால், அதன் மீதான ஆய்வுக்கு 2019 மார்ச் 19 அன்று அறிவிக்கப்பட்ட புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகள் முழுமையாகப் பொருந்தும். குடிநீர், சூரணம், பற்பம் போன்ற சித்த மருந்துகள் 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுப்பொருள்கள் சட்டத்தில் வேறோர் அத்தியாயத்தின் கீழ் வருபவை. அவற்றின் மீதான ஆய்வுக்கு 2013-இல் அப்போதைய ஆயுஷ் துறை வெளியிட்ட நன்னடைமுறை வழிகாட்டியும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட தேசிய நெறிமுறைகளும் வழிகாட்டுகின்றன. அக்குபஞ்சர் மருந்தே அன்று. ஆகவே அதற்கும் 2017 நெறிமுறைகளே அடிப்படை. எந்த வகையானாலும், ஆய்வில் சேர்பவரின் நலனும் உரிமையும் காக்கப்படுகின்றனவா என்று பார்க்கும் நெறிமுறைக் குழு ஒன்றின் முன் ஒப்புதல் இல்லாமல் மனிதர்களிடம் ஆய்வு தொடங்கக் கூடாது என்பது மூன்றுக்கும் பொது. 2019 விதிகளின்படி அமையும் குழுவில் குறைந்தது ஏழு பேர் இருக்க வேண்டும். அவர்களுள் பாதிப் பேராவது அந்த நிறுவனத்தைச் சேராதவர்களாக இருக்க வேண்டும்; மருத்துவம் அறியாத பொதுமனிதர் ஒருவரும் பெண் ஒருவரும் குழுவில் இடம்பெற வேண்டும்.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடுவதற்கு முன், ஆய்வின் விவரங்கள் அடங்கிய தகவல் தாள் உங்களுக்குப் புரியும் மொழியில், அதாவது நம் ஊரில் தமிழில், தரப்பட வேண்டும். ஆய்வு எதற்காக, எத்தனை நாள், எத்தனை முறை இரத்தம் எடுப்பார்கள், என்ன கேடு நேரக்கூடும், இதில் சேராவிட்டால் வேறு என்ன சிகிச்சை உண்டு, வெற்று மருந்து கிடைக்க வாய்ப்பு உண்டா, மருந்து பலன் தராமல் போகலாமா என்பவை எல்லாம் அதில் இருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு, ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சியின் முன்னிலையில் முழுவதையும் வாசித்துக் காட்ட வேண்டும். கைநாட்டு மட்டும் வாங்கிக்கொள்வது ஒப்புதல் ஆகாது. தாளை வீட்டுக்கு எடுத்துச் சென்று மகனிடமோ மருமகளிடமோ கலந்து பேசிவிட்டு வருகிறேன் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. கையெழுத்தான படிவத்தின் நகலும் தகவல் தாளும் உங்கள் கையில் தரப்பட வேண்டும். பின்னால் எந்தச் சிக்கல் வந்தாலும் உங்கள் பக்கம் பேசப்போவது அந்த நகல்தான். அதை ரேஷன் அட்டையோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள்.

2019 விதிகளின் படிவத்தில் வயது, தொழில், ஆண்டு வருமானம் ஆகியவற்றோடு வாரிசுதாரரின் பெயரையும் முகவரியையும் கேட்டிருப்பார்கள். இதைப் பார்த்ததும் சிலர் அஞ்சி, படிவத்தையே திருப்பித் தந்துவிடுவதுண்டு. ஆய்வினால் உயிரிழப்பு நேர்ந்தால் இழப்பீடு யாருக்குச் சேர வேண்டும் என்பதற்காகவே அந்தப் பெயர் கேட்கப்படுகிறது. அதை வெற்றிடமாக விடுவது உங்கள் குடும்பத்துக்குத்தான் இழப்பு. வயதும் தேவையான விவரமே. இழப்பீட்டுக்கு அடிப்படைத் தொகை 8 லட்சம் ரூபாய். அதை வயதுக்கு உரிய எண்ணாலும், ஆய்வில் சேரும்போது இருந்த நோயின் தீவிரத்துக்கு உரிய எண்ணாலும் பெருக்கி 99.37 ஆல் வகுக்கிறார்கள். வயதுக்குரிய எண் இளையவருக்கு அதிகம். 65 வயதைக் கடந்தவருக்கு அது 99.37. நோயின் தீவிரத்துக்குரிய எண், ஆறு மாதங்களுக்கு மேல் பிழைக்க மாட்டார் என்ற நிலையில் உள்ளவருக்கு 0.5 என்பதில் தொடங்கி, நோயற்ற தன்னார்வலருக்கு 4 வரை செல்கிறது. ஆகவே 65 வயதைக் கடந்த, நோயற்ற ஒருவர் ஆய்வினால் இறந்தால் 32 லட்சம் ரூபாய் வரும். அதே வயதில், எண் 0.5 பொருந்தும் நிலையில் இருந்தவராயின் 4 லட்சம். நிரந்தர ஊனத்துக்கும் இதே அடிப்படையில், ஊனத்தின் விழுக்காட்டுக்கு ஏற்பக் கணக்கு உண்டு.

பணத்தைவிட முதன்மையானது சிகிச்சை. ஆய்வில் இருக்கும்போது உடலுக்கு ஏதேனும் கேடு நேர்ந்தால், அது ஆய்வினால் நேர்ந்ததில்லை என்று நிறுவப்படும் வரையோ, மருத்துவரின் கருத்துப்படி தேவைப்படும் வரையோ, இவற்றுள் எது முந்தியதோ அதுவரை, இலவச சிகிச்சை தர வேண்டும். கடுமையான பாதிப்பை ஆய்வாளர் 24 மணி நேரத்துக்குள், ஆய்வுக்கு அனுமதி தரும் மத்திய உரிம அலுவலருக்கும் நெறிமுறைக் குழுவுக்கும் ஆய்வை நடத்தும் நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். இழப்பீடு வழங்க ஆணை பிறந்தால் 30 நாட்களுக்குள் தொகை தரப்பட வேண்டும். மேலே சொன்ன சூத்திரம் சித்த மருந்து ஆய்வுக்கும் அக்குபஞ்சர் ஆய்வுக்கும் தானாகப் பொருந்தாது. அவற்றில் பாதிப்பு நேர்ந்தால் சிகிச்சையும் இழப்பீடும் பெற உரிமை உண்டு என்று 2017 நெறிமுறைகள் சொன்னாலும், தொகை இவ்வளவு என்று கட்டிக் கூறவில்லை. எனவே அத்தகைய ஆய்வில் சேர்பவர், பாதிப்பு நேர்ந்தால் செலவை யார் ஏற்பார், அதற்குக் காப்பீடு எடுக்கப்பட்டுள்ளதா என்பதை எழுத்தில் காட்டும்படி கேட்பது மிக அவசியம். என் கருத்தில், சித்த மருந்து ஆய்வில் சேரும் ஏழை ஒருவருக்கும் அந்தச் சூத்திரத்தின் பாதுகாப்பு நீட்டிக்கப்பட வேண்டும்; மூலிகை என்பதால் கேடே வராது என்று எவராலும் உறுதி சொல்ல முடியாது. சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுத்துக்கொள்பவர் அதோடு சிறுகுறிஞ்சான் சத்தையும் எடுத்தால் இரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழக்கூடும். செறிவாக்கிய சத்து வீட்டில் காய்ச்சும் கஷாயத்தைப் போன்றதன்று. நீங்கள் எடுக்கும் ஆங்கில மருந்துகள் அனைத்தையும் ஆய்வாளரிடம் சொல்லுங்கள்; அவற்றை நிறுத்தச் சொன்னால், ஏன், எத்தனை நாள் என்று கேளுங்கள்.

அக்குபஞ்சரை மத்திய சுகாதார அமைச்சகம் 2003-இல் ஒரு சிகிச்சை முறையாக ஏற்றுக்கொண்டது. 2019-இல் தனித்த மருத்துவ முறையாகவும் அங்கீகரித்தது. இந்த அங்கீகாரம், எல்லா நோய்க்கும் அது பலன் தரும் என்பதற்கான சான்று அன்று. அதனால்தான் ஆய்வு தேவைப்படுகிறது. அக்குபஞ்சர் ஆய்வில் ஒரு பிரிவினருக்கு உரிய புள்ளியில் குத்தாமல் வேறிடத்தில் குத்துவதும், தோலைத் துளைக்காமல் உள்வாங்கும் போலி ஊசியை வைப்பதும் வழக்கம். உங்களுக்கு எது செய்யப்படுகிறது என்பதைச் சொல்ல மாட்டார்கள். ஆனால் இப்படி நேரலாம் என்பதை முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். ஊசி புதிய உறையிலிருந்து உங்கள் கண் முன் பிரிக்கப்பட வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர் அதை மறைக்கக் கூடாது.

ஆய்வுக்கான மருந்துக்கோ கூடுதல் பரிசோதனைக்கோ உங்களிடம் பணம் வாங்கக் கூடாது. பேருந்துக் கட்டணத்தையும் இழந்த கூலியையும் ஈடுசெய்ய நெறிமுறைகள் இடமளிக்கின்றன. மேலப்பாளையத்திலோ முக்கூடலிலோ பீடி சுற்றும் பெண் ஒருவருக்கு ஒரு நாள் வருகை என்றால் ஒரு நாள் கூலி போயிற்று. அதைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். அதே வேளையில், பெருந்தொகை காட்டி ஆள் சேர்ப்பதும் விதிக்குப் புறம்பானதே. எந்தக் கட்டத்திலும், காரணம் சொல்லாமலும் நீங்கள் விலகலாம். விலகியதற்காக வழக்கமான சிகிச்சை மறுக்கப்படக் கூடாது.

சேர்வதற்கு முன் சரிபார்க்க ஒரு வழி உண்டு. மருத்துவ ஆய்வுகளுக்கான தேசியப் பதிவேடு 2007 முதல் இயங்குகிறது, சி.டி.ஆர்.ஐ. என்று அதைச் சொல்வார்கள். முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே ஆய்வு அதில் பதிவாகியிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, இணையத்தில் தேடினால், ஆய்வாளரின் பெயர், ஆய்வு நடக்கும் இடம், நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் நிலை, வெற்று மருந்து உண்டா என்பது எல்லாம் தெரியும். விவரங்கள் ஆங்கிலத்தில் இருப்பதால் கல்லூரியில் படிக்கும் பிள்ளை ஒருவரின் உதவி தேவைப்படலாம். ஊர்ப்பொது மண்டபத்தில் இலவச முகாம் என்று அழைத்துக் கையெழுத்து வாங்குபவரிடம் இந்த எண் இல்லையென்றால், கையெழுத்திடாமல் திரும்பி வருவதே நல்லது.

புகார் செய்ய வேண்டியிருந்தால், தகவல் தாளில் குறிக்கப்பட்டுள்ள நெறிமுறைக் குழுச் செயலரிடம் எழுத்தில் தர வேண்டும். ஆய்வு நடந்தது அரசு நிறுவனத்தில் என்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் உங்கள் ஆய்வுக்கான ஒப்புதல் கடிதத்தைக் கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். இழப்பீட்டுக்காக வழக்காட வேண்டிய நிலை வந்தால், திருநெல்வேலியிலுள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு செய்யலாம். பெண்களும், பட்டியல் சாதியினரும், பழங்குடியினரும், மாற்றுத்திறனாளிகளும் வருமான வரம்பு எதுவுமின்றி அங்கே இலவச வழக்கறிஞர் உதவி பெறலாம். 15100 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்தும் வழிகேட்கலாம்.