ரப்பர் தடி ஒரு வாரத்துல கறுக்குது, அயினி மட்டும் ஏன் அப்படியே நிக்குது?

கன்னியாகுமரி மாவட்டத்துல குலசேகரம், திற்பரப்பு பக்கம் ரோட்டோரமா வெட்டி அடுக்கி வச்சிருக்க ரப்பர் மரத்தடியைப் பாத்திருப்பீங்க. வெட்டின அன்னைக்கு நல்ல வெளுப்பா இருக்கும், ஒரு வாரம் லாரி வரலேன்னா முனையெல்லாம் நீலமும் கறுப்புமா பூஞ்சை ஏறிடும், அப்புறம் வண்டு துளைச்சு மாவு மாதிரி தூள் கொட்டும். அதே ஊர்லதான் அயினியில, அதான் பலா இனத்து ஆஞ்சிலி மரத்துல, போட்ட உத்தரம் தாத்தா காலத்துலேருந்து அசையாம கெடக்கு.

கனம்தான் காரணம்னு நெறைய பேரு நெனைக்காங்க, அது இல்ல. ரப்பர் தடி ஒரு கன மீட்டருக்கு சுமார் 600 கிலோ, தேக்கும் ஏறக்குறைய அதே அளவுதான், ஆனா தேக்கு சீக்கிரம் கெடாது.

வித்தியாசம் உள்ள இருக்க செல்லுல. மரத்தோட வெளிப்பக்கம், நாம வெள்ளைன்னு சொல்றது, அதுலதான் தண்ணி மேல ஏறும், உயிருள்ள செல்லுங்க அதுல ஸ்டார்ச்சும் சர்க்கரையும் சேத்து வச்சிருக்கும். மரம் பெருக்கப் பெருக்க உள்பக்க செல்லுங்க சாகுது, ஆனா சும்மா சாகல, சாகுறதுக்கு முன்னாடி கையிலிருக்க உணவை பூஞ்சைக்கும் கரையானுக்கும் ஆகாத சரக்கா மாத்தி அங்கேயே எறக்கி வச்சிட்டுப் போகுது. அதான் வைரம். பலாத்தடியோட மஞ்சள் நிறம்கூட அதுல வந்ததுதான். ரப்பர்ல வைரம்னு தனியா பிரிஞ்சு வராது, அதனால 25, 30 வருஷம் கழிச்சு வெட்டினாலும் முழுத்தடியும் பூச்சிக்கு சாப்பாடுதான். அதுக்குத்தான் மில்லுல போராக்ஸ், போரிக் ஆசிட் கரைசலை பிரஷர் குடுத்து ஏத்தி உலர்த்துறாங்க.

வெட்டின தடி கதை இது, இப்போ நிக்கிற மரத்துக்கு வர்ற தீயைப் பாப்போம். டிசம்பர்லேருந்து பிப்ரவரிக்குள்ள ரப்பர் இலை மொத்தமா உதிர்ந்து தரையில சருகா கெடக்கும், ஒரு பொறி போதும். பட்டைக்கும் தடிக்கும் நடுவுல கேம்பியம்னு மெல்லிசா ஒரு அடுக்கு இருக்கு, புதுத்தடியும் புதுப்பட்டையும் அங்கதான் பிறக்குது. பால் வெட்டும்போது கத்தி அதுல பட்டுடக் கூடாதுன்னு ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டு வெட்டுறது இதுக்காகத்தான், பட்டா மரம் முண்டு முண்டா வீங்கிடும். சூடு சுமார் 60 டிகிரி போனாலே அந்த அடுக்கு செத்துடும். பட்டை ரெண்டு மடங்கு தடிமன்னா சூடு உள்ள போக ஏறக்குறைய நாலு மடங்கு நேரம் ஆகும், மலையில வேங்கையும் மருதும் தீயைத் தாண்டி நிக்கிறதுக்கு இது பெரிய காரணம். ரப்பர் பட்டைக்கு அந்த தடிமன் கெடையாது.

இன்னொண்ணு, நம்ம தோல் மாதிரி மரத்துக்கு காயம் ஆறாது. அமெரிக்காவுல அலெக்ஸ் ஷைகோன்னு ஒருத்தர் ஏராளமான மரங்களை அறுத்துப் பாத்து 1970கள்ல இதை வெளக்கினாரு. செத்த இடத்தை மரம் சரிபண்றதில்ல, சுத்தி சுவர் எழுப்பி அடைச்சிட்டு வெளியில புதுசா வளருது. சுவர் எழும்புறதுக்குள்ள பூஞ்சை நொழஞ்சுட்டா உள்ள சொத்தைதான்.

அதனால தீ பட்ட மரத்தை பதறி உடனே வெட்டாதீங்க. சில வாரம் கழிச்சு பட்டையை லேசா கீறிப் பாருங்க, உள்ள ஈரமா வெளிர் நிறமா இருந்தா உயிர் இருக்கு, பழுப்பா உலர்ந்திருந்தா அந்தப் பக்கம் போச்சு. போன பட்டையை மட்டும் செதுக்கி எடுத்துட்டு துரிசும் (மயில்துத்தம்) சுண்ணாம்பும் சேத்த போர்டோ பசையைத் தேய்ச்சு விடுங்க, மழைக்கு முன்னாடியே.