வேலையை விட்டுப் போனவரிடம் இருக்கும் சாவி

மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் ஒரு அண்டி ஆபீஸ். முந்திரியை உடைத்துத் தரம் பிரித்து ஏற்றுமதி செய்யும் ஆலைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். நெட்வொர்க் வேலைக்காகப் போயிருந்தேன். பாஸ்வேர்டெல்லாம் எங்கே இருக்கிறது என்று கேட்டதும், வயதான கணக்கர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு நீள நோட்டை எடுத்துத் தந்தார். "எல்லாம் இதுல உண்டு மக்ளே." வங்கி, ஜிஎஸ்டி, சுங்கத்துறைத் தளம், ஆபீஸ் மெயில், கரண்ட் பில் என்று வரிசையாக எழுதியிருந்தது. பாதிக்கு மேல் ஊர்ப்பெயரும் அதன் வாலில் 123-ம்தான்.

நோட்டைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரவில்லை. பூட்டிய இழுப்பறைக்குள் கிடக்கும் காகிதத்தைக் கடல் தாண்டி உட்கார்ந்திருக்கும் திருடனால் தொட முடியாது. சிக்கல் வேறொரு இடத்தில் இருந்தது. நாலு மாதத்துக்கு முன் வேலையை விட்டுக் கத்தாருக்குப் போன பையனின் போனில் ஆபீஸ் மெயில் அன்றும் திறந்தே கிடந்தது. டபிள்யூ-320, அதாவது ஒரு பவுண்டுக்கு 300 முதல் 320 பருப்பு நிற்கும் தரம், அதற்கு யார் என்ன விலை கேட்கிறார் என்பதெல்லாம் தோஹாவிலும் தெரிந்துகொண்டிருந்தது. அவன் மேல் தப்பில்லை. எடுத்துவிடு என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை.

"ஒரு நல்ல சாஃப்ட்வேரா சொல்லுங்க சார், வாங்கிப் போட்டுருவோம்" என்றார் முதலாளி. ஆனால் கடையில் இரண்டு சரக்கு இருக்கிறது. சாவிகளைப் பத்திரமாக வைப்பது ஒன்று, அதாவது பாஸ்வேர்டு மேனேஜர். எந்தக் கதவு யாருக்குத் திறக்கும் என்று முடிவு செய்வது இன்னொன்று, அணுகல் கட்டுப்பாடு. விளம்பரங்களில் இரண்டும் ஒரே பெயரில் கலந்து வருவதால் ஒன்றை வாங்கிவிட்டு மற்றதும் கிடைத்துவிட்டதாக நினைப்பவர்கள் அதிகம்.

முதல் சரக்கைத் திறந்து பார்ப்போம். கம்ப்யூட்டருக்குப் பாஸ்வேர்டு வந்தது 1960-களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் எம்ஐடியில், ஒரே எந்திரத்தைப் பலர் பங்கிட்டுக்கொண்ட காலத்தில். 1962-லேயே அது திருடப்பட்டும் விட்டது. ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர், தனக்கு ஒதுக்கிய நேரம் போதவில்லை என்று, பாஸ்வேர்டு கோப்பையே அச்சடித்து எடுத்துக்கொண்டார். அது அப்படியே வெறும் எழுத்தாக இருந்ததால்தான் இந்த வேலை நடந்தது. பின்னால் யூனிக்ஸ் அமைப்பில் இதற்கு மாற்று வந்தது. பாஸ்வேர்டைச் சேமிக்காதே, அதை ஹாஷ் என்ற கணக்கில் போட்டு அரைத்து வரும் விடையை மட்டும் சேமி. 1979-இல் ராபர்ட் மோரிஸும் கென் தாம்ப்சனும் அந்த அனுபவத்தை ஒரு கட்டுரையாக எழுதினார்கள். வறுத்து உடைத்த அண்டியை மறுபடி தோட்டுக்குள் அடைக்க முடியாததுபோல, ஹாஷிலிருந்து பாஸ்வேர்டுக்குத் திரும்ப வழியில்லை. நீங்கள் உள்ளே நுழையும்போது மறுபடி அரைத்துப் பார்த்து, விடை பொருந்துகிறதா என்று மட்டும் தளம் பார்க்கும்.

பாஸ்வேர்டு மேனேஜருக்கு இந்த வித்தை போதாது. அதற்கு அசல் பாஸ்வேர்டு திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் வங்கித் தளத்தில் எதைக் கொண்டுபோய் நிரப்புவது? அதனால் அது மறையாக்கம் செய்கிறது. பெரும்பாலும் ஏஇஎஸ்-256 என்ற முறை. சாவி இருந்தால் திறக்கும், இல்லாவிட்டால் பூமியில் உள்ள எல்லாக் கம்ப்யூட்டரையும் கூட்டி வைத்தாலும் திறக்காது. சரி, அந்தச் சாவி எங்கே இருக்கிறது? எங்கேயும் இல்லை. நீங்கள் மாஸ்டர் பாஸ்வேர்டை, அதாவது மற்ற எல்லாவற்றையும் பூட்டி வைத்த பெட்டகத்தைத் திறக்கும் அந்த ஒரே பாஸ்வேர்டை, தட்டும் ஒவ்வொரு முறையும் உங்கள் போனுக்குள்ளேயே அதிலிருந்து சாவி பிறக்கிறது, வேலை முடிந்ததும் மறைகிறது. நிறுவனத்தின் சர்வரில் இருப்பது பூட்டிய பெட்டி மட்டும். மாஸ்டர் பாஸ்வேர்டை மறந்துவிட்டு அவர்களுக்குப் போன் போட்டால் கையை விரிப்பதற்குக் காரணம் இதுதான். கையை விரிக்காமல் உடனே திறந்து கொடுக்கும் நிறுவனம் என்றால் எனக்குப் பயம் வரும்.

சாவி பிறக்கும் இடத்தில் வேண்டுமென்றே ஒரு தாமதம் வைத்திருக்கிறார்கள். எட்டு ஆங்கிலச் சிறிய எழுத்துகளால் அமையக்கூடிய பாஸ்வேர்டுகள் மொத்தம் சுமார் 20,882 கோடி. கேட்க நிறையத்தான் இருக்கிறது. ஆனால் எம்டி5 மாதிரியான பழைய, வேகமான ஹாஷை நல்ல கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று நொடிக்குப் பல ஆயிரம் கோடி முறை போட்டுவிடும். டீ ஆறுவதற்குள் அத்தனையும் முடிந்துவிடும். அதனால் ஒரே கணக்கைத் திரும்பத் திரும்ப அரைக்கிறார்கள். பிட்வார்டன் என்ற பாஸ்வேர்டு மேனேஜர் இயல்பாக வைத்திருக்கும் எண்ணிக்கை 6 லட்சம் முறை. உங்களுக்கு அது அரை நொடித் தாமதம், ஒவ்வொன்றாக ஊகித்துப் பார்க்கும் திருடனுக்கோ நொடிகள் மாதங்களாக நீளும். 2015-இல் இதற்கென நடந்த போட்டியில் வென்ற ஆர்கான்2 இன்னும் ஒரு படி மேல். அது நினைவகத்தையும் தாராளமாகக் கேட்பதால், கிராஃபிக்ஸ் கார்டில் ஆயிரம் ஊகங்களை ஒரே நேரத்தில் ஓட்டும் தந்திரம் அதனிடம் அவ்வளவாகப் பலிக்காது.

இது ஏட்டுக் கணக்கு அல்ல என்று 2022-இல் தெரிந்தது. லாஸ்ட்பாஸ் என்ற பாஸ்வேர்டு மேனேஜர் நிறுவனத்திலிருந்து வாடிக்கையாளர்களின் பெட்டகப் பிரதிகளையே திருடிக்கொண்டு போனார்கள். பாஸ்வேர்டுகள் பூட்டித்தான் இருந்தன. ஆனால் எந்தத் தளத்துக்கு உரியவை என்ற இணைய முகவரிகள் பூட்டாமல் கிடந்தன, சில பழைய கணக்குகளில் அரைக்கும் எண்ணிக்கையும் மிகக் குறைவு. திருடனுக்கு இனி அவசரமில்லை, வீட்டில் உட்கார்ந்து நிதானமாக ஊகிக்கலாம். மென்பொருள்களை ஒப்பிடும்போது நான் முதலில் பார்ப்பது இந்த இடத்தைத்தான்: சர்வரையே தூக்கிக்கொண்டு போனால் என்ன மிஞ்சும்?

ஒன்பாஸ்வேர்டு இதற்கு இரண்டாவது ரகசியம் ஒன்றைச் சேர்க்கிறது. 128 பிட் நீளமுள்ள ஒரு குறியீடு உங்கள் கருவியில் மட்டும் இருக்கும். மாஸ்டர் பாஸ்வேர்டும் அதுவும் சேர்ந்தால்தான் சாவி. ஊர்ப்பெயரும் 123-ம் வைக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு இது பெரிய காப்பு. பிட்வார்டனின் நிரல் எல்லோரும் படிக்கத் திறந்திருக்கிறது, விரும்பினால் சொந்த சர்வரிலேயே ஓட்டலாம். கீபாஸில் சர்வரே கிடையாது. 2003 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. பெட்டகம் என்பது உங்கள் கம்ப்யூட்டரில் கிடக்கும் ஒரு கோப்பு, அவ்வளவுதான். தனி ஆளுக்கு அது எனக்கு மிகப் பிடித்தது. ஆறு பேர் ஒரே கோப்பைத் திருத்தத் தொடங்கினால் தலைவலிதான். ஜோஹோ வால்ட், பக்கத்துத் தென்காசியிலும் அலுவலகம் வைத்திருக்கும் ஜோஹோவின் சரக்கு. ஒருவர் விலகும்போது அவர் பெயரில் உள்ளவற்றை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்கும் வசதி அதில் உண்டு.

ஆறு பேருக்குள் பகிர்வது எப்படி என்பது இதில் அழகான பகுதி. ஒவ்வொருவருக்கும் ஒரு ஜோடிச் சாவி. பூட்டும் சாவியை யாருக்கும் தரலாம், திறக்கும் சாவி அவரிடம் மட்டும். ஆபீஸுக்குப் பொதுவான பெட்டக சாவியை ஒவ்வொருவரின் பூட்டும் சாவியாலும் தனித்தனியாகப் பூட்டி சர்வரில் வைத்துவிடுகிறார்கள். சர்வர் அதைச் சுமந்துகொண்டு போய்க் கொடுக்கும், ஆனால் அதனால் படிக்க முடியாது.

இனிமேல்தான் கத்தார் பையனின் பிரச்சினை வருகிறது. பெட்டகத்திலிருந்து அவன் பெயரை நீக்கலாம். அவன் ஏற்கெனவே பார்த்த பாஸ்வேர்டை அவன் தலையிலிருந்து நீக்க முடியுமா? "பாஸ்வேர்டைக் காட்டாமல் உள்ளே நுழைய மட்டும் விடலாம்" என்ற வசதி சில மென்பொருள்களில் இருக்கிறது, ஜோஹோ வால்ட்டிலும் உண்டு. அவசரத்துக்குப் பயன்படும், ஆனால் அதை நம்பி இருந்துவிடக் கூடாது. பாஸ்வேர்டைத் தளத்தில் நிரப்பப் போவது அவன் பிரவுசர். பிரவுசருக்குத் தெரிந்ததைக் கொஞ்சம் விவரமான ஆள் தோண்டி எடுத்துவிடுவான். ஒருமுறை காட்டிய ரகசியத்தைத் திரும்ப வாங்க முடியாது. மாற்றத்தான் முடியும்.

அப்படியானால் ரகசியத்தைக் கையில் கொடுக்காமலே உள்ளே விட வழி வேண்டும். கன்னியாகுமரி படகுத்துறையை நினைத்துக்கொள்ளுங்கள். விவேகானந்தர் பாறைக்குப் போக கவுன்டரில் பணம் கட்டி டிக்கெட் வாங்குகிறீர்கள். படகில் ஏற்றுபவர் உங்கள் பர்ஸைப் பார்ப்பதில்லை, டிக்கெட்டைப் பார்க்கிறார். நாளைக்கு அதே டிக்கெட்டோடு வந்தால் ஏற்றமாட்டார். ஒற்றை உள்நுழைவு என்கிற எஸ்எஸ்ஓ இப்படித்தான் வேலை செய்கிறது. கூகுள் வொர்க்ஸ்பேஸ், மைக்ரோசாஃப்ட் என்ட்ரா, இலவசமாகக் கிடைக்கும் கீக்ளோக் எல்லாம் கவுன்டர்கள். ஊழியர் தன் பாஸ்வேர்டை அங்கே மட்டும் தருகிறார். கவுன்டர் கையெழுத்திட்டு, நேரக்கெடு போட்டு ஒரு டோக்கன் தருகிறது. மற்ற மென்பொருள்கள் அந்தக் கையெழுத்தைச் சரிபார்த்து உள்ளே விடுகின்றன. வேலையை விட்டுப் போனவர் பெயரைக் கவுன்டரில் அடித்துவிட்டால் புது டிக்கெட் கிடையாது. கையில் இருக்கும் பழைய டோக்கன் கெடு முடியும்வரை சில இடங்களில் ஓடும் என்பதையும் சொல்ல வேண்டும். நல்ல மென்பொருள் அதையும் உடனே செல்லாததாக்கும்.

உள்ளே வந்தவர் எதைத் தொடலாம் என்பது அடுத்த கேள்வி. 1992-இல் டேவிட் ஃபெராயோலோவும் ரிச்சர்ட் கூனும் சொன்ன யோசனையே இன்றும் பெரும்பாலான மென்பொருள்களில் ஓடுகிறது: உரிமையை ஆளுக்குக் கொடுக்காதே, வேலைக்குக் கொடு. தரம்பிரிப்பு மேற்பார்வையாளர், ஷிப்பிங், கணக்கு என்று பொறுப்புகளை வகுத்துவிட்டால் ஆள் மாறினாலும் உரிமை அந்த நாற்காலியிலேயே இருக்கும். இரண்டு வேலையை ஒருவரிடம் கொடுக்கக் கூடாது என்ற விதியும் இதில் வரும். சுசீந்திரம் கோயிலில் இரவு பூஜையை இந்திரன் வந்து செய்வதாக ஐதீகம். மாலையில் பூஜை செய்த போற்றி மறுநாள் காலையில் நடை திறக்கக் கூடாது என்றும், அகத்தில் கண்டதைப் புறத்தில் சொல்லமாட்டேன் என்று சத்தியம் உண்டு என்றும் சொல்வார்கள். காரணம் வேறாக இருந்தாலும், தணிக்கையாளர் பார்த்தால் தலையாட்டுவார். புது வியாபாரியின் வங்கிக் கணக்கைப் பதிகிறவரே அதற்குப் பணம் அனுப்ப ஒப்புதலும் தரக் கூடாது, அவ்வளவே.

எஸ்எஸ்ஓ இவ்வளவு நல்லதென்றால் பெட்டகம் எதற்கு? அரசுத் தளங்களும் வங்கிகளும் நம் ஆபீஸ் கவுன்டரின் டிக்கெட்டை ஏற்பதில்லை. அது போக, பல மென்பொருள் நிறுவனங்கள் எஸ்எஸ்ஓ வசதியை விலை கூடிய திட்டத்தில் மட்டும் வைக்கின்றன. பூட்டு விற்றுவிட்டுத் தாழ்ப்பாளுக்குத் தனிக் காசு கேட்பது மாதிரி எனக்குப் படும்.

பாஸ்வேர்டோடு சேர்த்துக் கேட்கும், போனில் 30 நொடிக்கு ஒருமுறை மாறும் ஆறு இலக்க எண் எல்லா இடத்திலும் வேண்டும், அதில் விவாதமே இல்லை. தளம் ஏற்றுக்கொண்டால் பாஸ்கீ, அதாவது பாஸ்வேர்டுக்குப் பதிலாக உங்கள் கருவியே வைத்திருக்கும் சாவி, அதைவிட நல்லது. போலித் தளத்தில் அது வேலை செய்யவே செய்யாது.

எங்கள் மாவட்டத்துக்காரன் என்பதால் இன்னொன்றும் கேட்பேன்: நெட் இல்லாவிட்டால்? 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி அடித்தபோது நாள்கணக்கில் கரண்ட் இல்லை, போன் டவரும் இல்லை. கீபாஸ் கோப்பு அப்போதும் திறக்கும். பிட்வார்டனும் கருவியில் வைத்த பிரதியைக் காட்டும். ஆபீஸ் மூலையில் சொந்தமாக ஓட்டும் கீக்ளோக் சர்வர் படுத்துவிட்டால் மொத்தப் பேரும் வெளியேதான்.

ஆறு பேர் உட்காரும் அந்த அண்டி ஆபீஸுக்கு ஆளுக்கொரு மெயில் கணக்கை கூகுள் கவுன்டரின் கீழ் போட்டோம். டிக்கெட்டை ஏற்காத தளங்களுக்கு மட்டும் பிட்வார்டன். பெரிய நிறுவனங்களுக்கான ஆக்டிவ் டைரக்டரி, நிர்வாகச் சாவிகளுக்கென்றே விற்கும் விலையுயர்ந்த சரக்கு எதுவும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. மீட்புக் குறியீடுகளை அச்சடித்து, கணக்கரின் நீள நோட்டுக்குள் செருகி, முதலாளி வீட்டு பீரோவில் வைத்தாயிற்று.

போன மாதம் ஷிப்பிங் பார்த்த பெண் நாகர்கோவிலில் வேறு வேலைக்குப் போனார். சாயங்காலம் கணக்கர் போன் செய்தார். கவுன்டரில் பெயரை அடித்தோம். மெயிலும் கோப்புகளும் மூடின. அவர் பார்த்த பட்டியலை பிட்வார்டனில் எடுத்துப் பார்த்ததில் மாற்ற வேண்டியவை இரண்டே பாஸ்வேர்டு: சுங்கத்துறைத் தளம், கப்பல் ஏஜென்டின் தளம். இரண்டையும் அன்றைக்கே மாற்றினோம்.