‘டேட்டா எல்லாம் ஹார்ட் டிஸ்க்கில்தான் சார் இருக்கு’

இந்த மாதத்தில் இது மூன்றாவது. 2 டெராபைட் ஹார்ட் டிஸ்க் ஒன்றைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார் ஒருவர். வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால் ‘இனிஷியலைஸ் செய்யட்டுமா’, அதாவது புது டிஸ்க்காகத் தயார் செய்யட்டுமா என்று கேட்கிறதாம். உள்ளே 11 வருடப் படங்கள். “இதோடு ஒரு எஸ்எஸ்டி இருந்திருக்குமே, அது எங்கே?” என்றேன். எஸ்எஸ்டி என்றால் சுழலும் தட்டு இல்லாத, வேகமான சேமிப்பு டிஸ்க்.

“அதைக் கழற்றித் தம்பி லேப்டாப்பில் போட்டு, ஃபார்மட் பண்ணி விண்டோஸ் ஏத்தியாச்சு சார். அது வேகத்துக்குத்தானே? டேட்டா எல்லாம் ஹார்ட் டிஸ்க்கில்தான் சார் இருக்கு.”

இல்லை சார். அங்கே இல்லை. டேட்டா மீட்கும் வேலையில் இந்த வாக்கியத்தை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. வாய் வலிக்கச் சொல்லியாயிற்று, இனி எழுதியே வைத்துவிடுகிறேன்.

எஸ்எஸ்டியையும் ஹார்ட் டிஸ்க்கையும் சேர்த்து ஓட்ட இரண்டு வழி உண்டு. ஒன்று கேஷ், இன்னொன்று டியரிங். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்: கம்ப்யூட்டர் சீக்கிரம் ஆன் ஆகும், புரோகிராம்கள் சட்டென்று திறக்கும். ஆனால் உள்ளே நடப்பது வேறு. தடிமனான புத்தகம் ஒன்று அலமாரியில் இருக்கிறது என்று வையுங்கள். அடிக்கடி தேவைப்படும் பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்து மேஜையில் வைத்துக்கொண்டால் அது கேஷ். ஜெராக்ஸ் தொலைந்தால் எழுந்து அலமாரிவரை போக வேண்டும், அவ்வளவுதான். அதே பக்கங்களைப் புத்தகத்திலிருந்து கிழித்து மேஜையில் வைத்துக்கொண்டால் அது டியரிங். மேஜையைச் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று அந்தத் தாள்களை எறிந்துவிட்டு, ‘புத்தகம் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது’ என்று சொன்னால் நான் என்ன செய்வது?

டியரிங்கில் ஒரு பகுதி எஸ்எஸ்டிக்குப் போய்விட்டால், ஹார்ட் டிஸ்க்கில் அதன் நகல் என்று எதுவும் நிற்காது. அதனால்தான் 256 ஜிபி எஸ்எஸ்டியும் 2 டெராபைட் டிஸ்க்கும் சேர்ந்து, இரண்டின் கூட்டுத்தொகையாக ஒரே டிரைவாகத் தெரிகிறது. உங்கள் கம்ப்யூட்டரில் அப்படித் தெரிந்தால் நீங்கள் பக்கத்தைக் கிழித்த கட்சி.

இன்னும் ஒன்று. நகர்வது முழு ஃபைல் அல்ல, துண்டுகள். விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2-வின் ஸ்டோரேஜ் ஸ்பேசஸ் என்ற டிஸ்க் சேர்க்கும் வசதியில் 1 எம்பி அளவுத் துண்டுகளாகக் கணக்குப் பார்த்து, தினமும் இரவு 1 மணிக்கு இடம் மாற்றுவதுதான் வழக்கமான அமைப்பு. எது சூடு (அடிக்கடி தொடப்படுவது), எது ஆறியது என்று மென்பொருள் எப்படி முடிவு செய்கிறது என்பதற்குள் நான் போகவில்லை. 4 எம்பி படம் ஒன்றில் இரண்டு துண்டு இங்கும் இரண்டு துண்டு அங்குமாக இருக்கலாம் என்பது தெரிந்தால் போதும். அப்படிப்பட்ட படத்தைத் திறந்தால் மேல் பாதியில் முகம் தெரியும், மூக்குக்குக் கீழே சாம்பல் நிறம்.

சரி, எல்லாவற்றையும்விட அதிகமாகத் தொடப்படுவது எது? உங்கள் படமோ பாட்டோ இல்லை. எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று எழுதி வைத்திருக்கும் ஃபைல் சிஸ்டத்தின் பட்டியல். ஒவ்வொரு முறை ஃபோல்டரைத் திறக்கும்போதும் அது படிக்கப்படுகிறது. சூடானது எஸ்எஸ்டிக்கு என்றால் முதலில் இடம் மாறக்கூடியது அந்தப் பட்டியல்தான். ஆக, ஹார்ட் டிஸ்க்கில் மிஞ்சியது பெயரில்லாத, ஃபோல்டர் இல்லாத, இடையிடையே ஓட்டை விழுந்த குவியல். விண்டோஸ் ‘இனிஷியலைஸ் செய்யட்டுமா’ என்று கேட்பதில் ஆச்சரியமே இல்லை. அதற்குத் தெரிந்தவரை அது வெறும் டிஸ்க்.

தம்பி லேப்டாப்பில் இருக்கும் எஸ்எஸ்டியிலிருந்து எடுக்க முடியாதா என்று கேட்டார். ஃபார்மட் செய்தவுடன், ‘இந்த இடங்களில் இருப்பது இனி வேண்டாம்’ என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லும் டிரிம் கட்டளையை விண்டோஸ் அனுப்பிவிடும். அதற்கப்புறம் படித்துப் பார்த்தால் பெரும்பாலும் பூஜ்யம் பூஜ்யமாகத்தான் வரும். ஹார்ட் டிஸ்க்கில் அழித்ததை மீட்டுக் கொடுத்துப் பெயர் வாங்கிய நாங்கள், டிரிம் ஆன எஸ்எஸ்டி முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறோம்.

பெயர்களும் குழப்புகின்றன. இன்டெல் 2011-ல் இசட்68 சிப்செட்டோடு கொடுத்த ஸ்மார்ட் ரெஸ்பான்ஸ், 64 ஜிபிவரை எஸ்எஸ்டியைப் பயன்படுத்தும் கேஷ். ஆப்பிள் 2012-ல் கொண்டுவந்த ஃப்யூஷன் டிரைவ், டியரிங். அதில் இரண்டில் ஒன்று போனாலும் மொத்தமும் போச்சு. பிரிந்து நிற்பதை மறுபடி சேர்க்கப் போனால் இருப்பதும் அழியும். ஏஎம்டியின் ஸ்டோர்எம்ஐ இன்னும் வேடிக்கை: 2018-ல் வந்தது டியரிங், 2020-ல் வந்த இரண்டாம் பதிப்பு கேஷ், பெயர் மட்டும் அதே. ‘நண்பர் எஸ்எஸ்டியைக் கழற்றினார், ஒன்றும் ஆகவில்லையே’ என்று வந்து நிற்பவர்களின் நண்பர் வைத்திருந்தது பெரும்பாலும் இரண்டாம் பதிப்பாக இருக்கும்.

கேஷ் என்றாலும் கண்ணை மூடிக்கொண்டு கழற்றாதீர்கள். ரைட்-பேக் முறையில் ஓடினால், கடைசியாக எழுதியது எஸ்எஸ்டியில் மட்டும் இருக்கலாம், ஹார்ட் டிஸ்க்குக்கு இன்னும் போய்ச் சேர்ந்திருக்காது.

‘இரண்டு டிஸ்க் இருக்கே, ஒன்று போனாலும் இன்னொன்று இருக்குமே’ என்பது அடுத்த நம்பிக்கை. நேர் எதிர். டியரிங்கில் எது போனாலும் மொத்தமும் போகும் என்பதால் ஆபத்தும் இரண்டு இடத்திலிருந்து வருகிறது.

எஸ்எஸ்டியைக் கழற்ற வேண்டுமா? முதலில் முழு பேக்கப், வேறொரு டிஸ்க்கில். அப்புறம் அந்த மென்பொருளுக்குள் போய்ப் பிரிக்கச் சொல்லுங்கள். எஸ்எஸ்டியில் இருப்பதெல்லாம் ஹார்ட் டிஸ்க்குக்குத் திரும்ப இடம் வேண்டும், டிஸ்க் நிரம்பி வழிந்தால் பிரிக்காது. அது முடிந்தது என்று சொன்ன பிறகு ஸ்க்ரூ டிரைவரை எடுங்கள். ஸ்க்ரூ டிரைவர் முதலில் வந்தால் அடுத்து நான்தான் வருவேன்.

பயாஸ் (கம்ப்யூட்டரை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்த மறுநாள் டிரைவ் காணவில்லை என்றால் பதற்றம் வேண்டாம், ஃபார்மட்டும் வேண்டாம். பயாஸில் சாட்டா அமைப்பு (டிஸ்க்குகளோடு கம்ப்யூட்டர் பேசும் முறை) ரெய்டிலிருந்து ஏஎச்சிஐக்கு மாறியிருக்கிறதா என்று பாருங்கள். பழையபடி மாற்றியவுடன் எல்லாம் வந்துவிட்ட கேஸ்கள் உண்டு. மதர்போர்டு பேட்டரி தீர்ந்தாலும் இதே கதைதான். ‘இனிஷியலைஸ்’ என்ற கேள்விக்கு ஓகே அழுத்தினவர்களுக்கு இவ்வளவு சுலபமாக முடிவதில்லை.

எஸ்எஸ்டி விலை ஆகாயத்தில் இருந்த காலத்தில் இந்தச் சேர்க்கைக்கு அர்த்தம் இருந்தது. நிர்வாகியும் ஒழுங்கான பேக்கப்பும் இருக்கும் சர்வரில் இன்றும் இருக்கிறது. ஒருவர் பயன்படுத்தும் கம்ப்யூட்டருக்கு என் ஓட்டு இல்லை. விண்டோஸும் புரோகிராம்களும் எஸ்எஸ்டியில், படங்களும் வீடியோக்களும் தனியாக ஹார்ட் டிஸ்க்கில். எது எங்கே இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும், எதைக் கழற்றினால் எது போகும் என்பதும் தெரியும். ஏற்கெனவே சேர்த்துவிட்டவர்கள் தயவுசெய்து இரண்டு டிஸ்க்கிலும் ‘ஜோடி, பிரிக்காதே’ என்று ஒரு ஸ்டிக்கராவது ஒட்டுங்கள். நாளைக்கு அந்தக் கம்ப்யூட்டரைத் திறப்பது நீங்களாகவே இருக்க வேண்டும் என்றில்லை.

அந்த 11 வருடப் படங்களில் கொஞ்சம் மீட்டுக் கொடுத்தேன், பெயரில்லாமல் வெறும் எண்களாக. வந்தவற்றில் பாதி யாரும் திறந்தே பார்க்காத மங்கலான படங்கள். அவர் அடிக்கடி பார்த்துக்கொண்டிருந்தவை சூடானவை ஆயிற்றே, அவை எஸ்எஸ்டிக்குப் போயிருந்தன.