வாட்ச்மேன் சம்பளத்துக்கு யார் ஸ்பான்சர்?

சின்ன அறக்கட்டளைகளின் கணக்கைத் தணிக்கை செய்வது என் தொழில். அவற்றில் சில, சென்னையில் வீடற்றோர் காப்பகம் நடத்துபவை. ஆகஸ்ட் 15-ஆம் தேதிப் பக்கத்தைப் புரட்டினால் ஒரே நாளுக்கு மூன்று மதியச் சாப்பாட்டு ரசீது இருக்கும். ஒருவர் பிரியாணி, ஒருவர் வடை பாயசத்தோடு இலைச் சாப்பாடு, இன்னொருவர் நூறு தக்காளி சாதப் பொட்டலம். அடுத்த வாரத்திலேயே கேஸ் சிலிண்டரைக் கடனுக்கு வாங்கிய வவுச்சரும் இருக்கும்.

சாப்பாடு போட ஆள் கிடைக்காமல் இந்தக் காப்பகங்கள் திணறுவது குறைவு. திணறுவதெல்லாம் மற்றவற்றுக்குத்தான். உச்ச நீதிமன்றம் 2010-ல் பிறப்பித்த உத்தரவுகளின்படி, பெரிய நகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் வேண்டும். ஆண்டு முழுவதும், 24 மணி நேரமும் அது திறந்திருக்க வேண்டும். 24 மணி நேரம் என்று எழுதுவது சுலபம். கணக்கில் அது மூன்று ஷிஃப்ட். இரவில் போலீஸோ பொதுமக்களோ கூட்டிவரும் ஒருவரை உள்ளே சேர்க்க ஒருவர் விழித்திருக்க வேண்டும். புண்ணோடு வருபவரைக் குளிப்பாட்ட, முடி வெட்ட, அரசு மருத்துவமனைக்கு ஆட்டோவில் கூட்டிப்போக, ஆதார் அட்டைக்கு வரிசையில் நிற்க ஆள் வேண்டும். பல இடங்களில் கட்டடமும் மானியமும் மாநகராட்சியுடையது, நடத்துவது தொண்டு நிறுவனம். மானியம் தாமதமாகும் மாதங்களில் முதலில் நிற்பது இவர்கள் சம்பளம்தான். வாட்ச்மேன் சம்பளம் கொடுத்துப் பிறந்தநாள் கொண்டாடியவர் யாரையும் நான் இதுவரை பார்த்ததில்லை. முதியவர்களுக்கான டயபர், சொறிக்கு மருந்து, போர்வை துவைக்கும் சோப்பு, யாரும் உரிமை கோராத உடலை அடக்கம் செய்யும் செலவு, இவற்றுக்கும் ஸ்பான்சர் கிடையாது.

நன்கொடை தருபவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, “சார், சம்பளத்துக்கு எத்தனை சதவீதம் போகுது?” கேட்க வேண்டிய கேள்விதான், ஆனால் கேட்கும் தொனி எனக்கு எரிச்சலூட்டும். காப்பகத்தில் சேவை என்பதே ஆட்கள்தானே! சம்பளச் செலவு சந்தேகத்துக்கிடமாகக் குறைவாக இருந்தால்தான் நான் புருவம் உயர்த்துவேன். ஒன்று, குறைந்தபட்சக் கூலிகூடக் கொடுக்கவில்லை. அல்லது, நன்கொடையாளர் முகம் சுளிப்பாரே என்று வாட்ச்மேன் சம்பளத்தை ‘உணவுச் செலவு’ தலைப்பில் நுழைத்திருக்கிறார்கள். அப்படி வந்த ஒரு கணக்கைக் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அந்தப் பொய்க்குப் பாதிக் காரணம் நன்கொடையாளர்கள்.

கொடுக்கும் முன் தணிக்கை அறிக்கையைக் கேளுங்கள். ஒழுங்கான நிறுவனம் தயங்காமல் தரும். வரிச்சலுகை வேண்டுமென்றால், நீங்கள் பழைய வரி முறையில் இருக்க வேண்டும். நிறுவனத்துக்கும் அதற்கான வருமான வரித் துறை அனுமதி (80ஜி என்பார்கள்) இருக்க வேண்டும். அரிசி, துணி, சமைத்த சாப்பாடு எதற்கும் அந்தச் சலுகை இல்லை; பணத்துக்கு மட்டும்தான். அதையும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது. வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியக் கூடாது என்று பெயர் சொல்லாமல் கொடுப்பவர்களுக்கு ஒரு சங்கடமான செய்தி: பெயர், முகவரி இல்லாத நன்கொடை ஓர் அளவைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு அந்த அறக்கட்டளை 30 சதவீதம் வரி கட்ட வேண்டும். ஊருக்குச் சொல்ல வேண்டாம், ரசீதில் சொல்லுங்கள்.

சாப்பாடு போடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வடலூரில் வள்ளலார் 1867-ல் மூட்டிய தருமசாலை அடுப்பு இன்றும் அணையவில்லை. அங்கே அரிசி மூட்டையையும் காய்கறியையும் இறக்கிவைத்துவிட்டுப் போகிறார்கள். என்றைக்கு என்ன சமைப்பது என்பது சமையல்கட்டின் பொறுப்பு. காப்பகத்துக்கும் அப்படிச் செய்யலாம். சர்க்கரை நோயாளிகள் பாதிப் பேர் இருக்கும் இடத்தில் ஒரு வாரம் முழுக்கக் கேசரி வந்தால், மாத்திரை கொடுக்கும் நர்ஸ்தான் பாவம். போன் செய்து “என்ன குறையுது?” என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். கேக் வெட்டும்போது அங்கிருப்பவர்களை வரிசையில் நிற்கவைத்துப் படம் எடுப்பதையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

ஒரு காப்பகத்துக்கு ஓய்வுபெற்ற ஒருவர் உதவுகிறார். இணைப்பு எண்ணை வாங்கி வைத்துக்கொண்டு, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கரண்ட் பில்லை அவரே நேராகக் கட்டிவிடுகிறார். ரசீது கேட்டதில்லை. “பணத்தை அறக்கட்டளைக் கணக்கில் போட்டு, அவர்களையே கட்டச் சொல்லுங்கள் சார், வரவு வைக்க வேண்டும்” என்று கெஞ்சிப் பார்த்தேன். “ஃபேன் ஓடுதில்ல?” என்றார். வருடத்துக்கு ஆறு முறை அவருக்காகவே தனியாக ஒரு ஜர்னல் பதிவு எழுதிக்கொண்டிருக்கிறேன்.