மழையில் மரமேறலாமா, தண்டவாளத்தில் இறங்கலாமா?

பாம்பனில் புயல் கூண்டு ஏறிவிட்டால் ராமேஸ்வரம், மண்டபம் விசைப்படகுகள் கரையிலேயே நின்றுவிடும். மீன்வளத் துறை டோக்கன் தராது. டோக்கன் இல்லாமல் கடலுக்குப் போக முடியாது. பிடிக்கிறதோ இல்லையோ, கடலில் இறங்குவதற்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. அதே கரையில், அதே காற்றில், மின்கம்பிக்குப் பக்கத்தில் வேப்பங்கிளை கழிக்கிறவருக்கோ, உச்சிப்புளிப் பக்கம் தண்டவாளத்துக்கு ஜல்லி அள்ளிப் போடுகிறவருக்கோ எல்லார் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி அப்படி ஒரு கூண்டு கிடையாது. மேஸ்திரி அண்ணாந்து பார்ப்பார். "சும்மா தூறல்தானே, முடிச்சிட்டுப் போயிருவோம்" என்பார்.

அந்தத் தூறலைப் பற்றித்தான் பேச வேண்டும். மழை கொட்டினால் யாரும் சொல்லாமலே எல்லாரும் ஒதுங்கிவிடுவார்கள். லேசாக நனைக்கிற மழையில்தான் வேலை நடக்கும். ஆனால் மின்சாரம், தண்டவாளம் இரண்டிலும் லேசான ஈரம் பல நேரங்களில் அடைமழையை விட மோசமானது.

முதலில் மின்கம்பம். கம்பியைத் தாங்கி நிற்கும் பீங்கான் இன்சுலேட்டரைப் பார்த்திருப்பீர்கள். குடையை அடுக்கிய மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்கும். அழகுக்காக அப்படிச் செய்யவில்லை. கம்பியிலிருந்து கம்பத்துக்கு மின்சாரம் பீங்கானின் மேற்பரப்பு வழியாக ஊர்ந்து வர வேண்டுமென்றால் அந்த மடிப்புகளில் ஏறி இறங்கி நீண்ட தூரம் வர வேண்டும். மழை பெய்தாலும் மடிப்பின் அடிப்பக்கம் காய்ந்தே இருக்கும். பாதை அங்கே அறுந்துவிடும்.

ராமநாதபுரம் கடற்கரையில் இந்த ஏற்பாட்டுக்குப் பெரிய எதிரி உப்பு. இந்த மாவட்டத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய 800 மில்லிமீட்டர் மழை. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பெய்து முடிந்துவிடும். மற்ற மாதங்களில், முக்கியமாகக் கச்சான் எனும் தென்மேற்குக் காற்று வீசும் காலத்தில், மன்னார் வளைகுடாவின் அலைத் திவலைகள் உப்பாகக் காய்ந்து எல்லாவற்றின் மேலும் படிந்துகொண்டே இருக்கும். கழுவிவிட மழை இல்லை. காய்ந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் அதுவரைக்கும் பிரச்சினையும் இல்லை.

அடுப்படி உப்பு ஜாடி ஐப்பசியில் கசகசவென்று நீர் விடுமே, அதுதான் இன்சுலேட்டரிலும் நடக்கிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு அதற்கும் வெகு முன்பே ஈரம் பிடிக்கும். அதனால் ஒரு சொட்டு மழை விழாத பனி விழும் விடியற்காலையிலும் கம்பத்தில் 'ஸ்ஸ்' என்று சத்தம் கேட்கலாம். பீங்கானின் மேல் மெல்லிய உப்புக் கரைசல் பரவி, அதன் வழியாகக் கசிவு மின்னோட்டம் ஓடுகிறது. ஓடுகிற இடம் சூடாகிக் காய்கிறது. காய்ந்த கீற்றைத் தாண்ட மின்சாரம் பொறியாகத் தாவுகிறது. இது வளர்ந்தால் இன்சுலேட்டர் முழுவதையும் தாவிக் கடந்து கம்பத்துக்கே மின்சாரம் வந்துவிடும். அடைமழை என்ன செய்யும்? உப்பைக் கழுவிவிட்டுப் போய்விடும். மழைநீர் தனியாக அவ்வளவு நல்ல கடத்தி அல்ல. கடல்நீரோ அதைப் போலப் பல நூறு முதல் சில ஆயிரம் மடங்கு வரை நன்றாகக் கடத்தும். ஆகவே மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தபின் வரும் முதல் தூறலில்தான் கம்பத்தருகே அதிகம் பயப்பட வேண்டும். கார்த்திகையில் நாலு நாள் கொட்டித் தீர்த்த பிறகு இன்சுலேட்டர் ஓரளவு சுத்தமாக இருக்கும்.

மரம் கழிக்கிறவர் பக்கம் வருவோம். காய்ந்த தோலின் மின்தடை ஒரு லட்சம் ஓம் வரை இருக்கலாம். நனைந்த தோலில் அது ஆயிரம் ஓம் அளவுக்கு விழும். வீட்டு மின்சாரமான 230 வோல்ட்டை வைத்துக் கணக்குப் போட்டால், காய்ந்த உடம்பில் 2.3 மில்லிஆம்பியர் ஓடும். சுருக்கென்று இருக்கும், கையை உதறிக்கொள்வோம். நனைந்த உடம்பில் 230 மில்லிஆம்பியர். இதயத்தை நிறுத்த அதில் பாதியே போதும். இது வெறும் 230 வோல்ட்டுக்கு. தெருவோரம் போகும் உயரழுத்தக் கம்பியில் 11,000 அல்லது 22,000 வோல்ட். மின்மயமான ரயில் பாதையின் மேல்கம்பியில் 25,000 வோல்ட். அந்த அழுத்தத்தில் பச்சைக் கிளையே ஒரு கம்பிதான். நனைந்த கயிறும், நனைந்த மூங்கில் தொரட்டியும் அப்படியே. அலுமினியத் தொரட்டியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதைக் கம்பிக்குப் பக்கத்தில் வெயிலில்கூட நீட்டக் கூடாது.

எனவே கம்பிக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் மரத்தை ஈரத்தில் தொடுவதா என்ற கேள்விக்கு என் பதில் நேரடியானது: மின்சாரத்தை நிறுத்தி, கம்பியைத் தரையோடு இணைத்த பிறகே தொட வேண்டும். தூறல் என்றாலும் அப்படித்தான். அவசரம் இல்லையென்றால் இன்னொரு நாள்.

மின்கம்பி பக்கத்தில் இல்லாத மரத்துக்கு வேறு கணக்கு. ஏறுகிறவர் நம்புவது உராய்வை. பட்டையில் பாசி இருந்தால் நனைந்ததும் வழவழப்பாகிவிடும். பனையேறிகள் மழையில் மரத்தைத் தொடத் தயங்குவது தலைமுறை அனுபவம். காலில் மாட்டும் தளைநாரும் மார்பும் மரத்தைக் கவ்வுவது முழுக்க உராய்வால்தான். நைலான் கயிறு நனைந்தால் வலிமையில் பத்து சதவீதத்துக்கு மேலும் இழக்கும். பாலியஸ்டர் கயிறு பெரும்பாலும் இழக்காது. கடையில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும், கேட்டு வாங்க வேண்டும். இந்தப் பக்கம் அதிகம் வெட்டப்படுவது சீமைக் கருவேல். அதில் யாரும் உயரத்துக்கு ஏறுவதில்லை. ஆனால் ஈரத் தரையில் கால் வழுக்க, முள்ளுக்கு நடுவே ஓடும் சங்கிலி ரம்பத்தோடு விழுவது, பனையிலிருந்து விழுவதை விடச் சின்ன விஷயம் இல்லை.

இனி தண்டவாளம். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தைப் பிடித்துக்கொள்வது ஒரு சின்ன நாணயம் அளவு பரப்பில்தான். காய்ந்திருந்தால் இந்தப் பிடிப்பைக் காட்டும் எண்ணான உராய்வுக் கெழு 0.3-ஐ ஒட்டி இருக்கும். நனைந்தால் 0.2, 0.1 என்று இறங்கும். வேடிக்கை என்னவென்றால், மிகக் கீழே இறங்குவது கொட்டும் மழையில் அல்ல. லேசான ஈரம் தண்டவாளத்தின் துருத்தூளோடு குழைந்து வழுக்கும் பசையாகிறது. உப்புக்காற்றில் துருவுக்குப் பஞ்சமே இல்லாத பாம்பன் பக்கம் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பலத்த மழை அந்தப் பசையை அடித்துக்கொண்டு போய்விடும். தூறலோ குழைத்து வைத்துவிட்டுப் போகும்.

தண்டவாளத்தில் குனிந்து நிற்பவருக்கு இதன் அர்த்தம் என்ன? வரும் வண்டி ஓட்டுநர் நினைத்த இடத்தில் நிற்காமல் போகலாம். பராமரிப்பு ட்ராலியின் பிரேக்கும் அப்படித்தான். மணிக்கு 60 கிலோமீட்டரில் வருவது, உராய்வை முழுவதும் பயன்படுத்தினாலும், கெழு 0.1 இருந்தால் ஏறக்குறைய 140 மீட்டரில் நிற்கும். 0.05 இருந்தால் 280 மீட்டர் வேண்டும். இதோடு காதும் கண்ணும் சேர்கிறது. மழைச் சத்தம், தலையை மூடிய ரெயின்கோட், டீசல் இன்ஜினை விடச் சத்தம் குறைந்த மின் இன்ஜின் எல்லாமாக வண்டி வருவதை மறைத்துவிடும். மணிக்கு 100 கிலோமீட்டரில் வரும் ரயில் ஒரு நொடிக்கு 28 மீட்டர் கடக்கும். மழைத் திரையில் 300 மீட்டர்தான் தெரிகிறதென்றால், கண்ணில் பட்டதிலிருந்து 11 நொடி. அதற்குள் காவலுக்கு நிற்பவர் விசில் ஊத, மற்றவர்கள் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு வழுக்கும் ஜல்லியில் ஒதுங்க வேண்டும். பார்வை தூரம் பாதியானால் வேலையைப் பாதியாக்குவது பிரயோஜனமில்லை. காவல் ஆளை இன்னும் தள்ளி நிறுத்த வேண்டும், அல்லது பாதையை அடைத்துவிட்டு வேலை செய்ய வேண்டும்.

சில வேலைகளை மழையில் செய்யவே கூடாது. தண்டவாளத்தின் இரண்டு முனைகளை ஒட்டும் தெர்மிட் வெல்டிங் அதில் முதல். இரும்பு ஆக்சைடும் அலுமினியத் தூளும் எரிந்து 2,000 டிகிரிக்கு மேல் கொதிக்கும் இரும்புக் குழம்பாகும். அச்சில் கொஞ்சம் ஈரம் இருந்தாலும் அது நொடியில் நீராவியாகி 1,600 மடங்கு பெருத்து, குழம்பை வெளியே வீசும். தப்பித்தாலும் ஒட்டில் நுண்துளைகள் இருந்துகொண்டு பிறகு விரிசல் விடும்.

சில வேலைகளை மழை பெய்கிறது என்பதற்காகவே செய்ய வேண்டும். மழைக்கால ரோந்து அப்படிப்பட்டது. கண்மாய் உடைந்தாலோ மடை நிரம்பிப் புரண்டாலோ தண்டவாளத்துக்கு அடியிலிருக்கும் ஜல்லியும் கரையும் கரைந்துபோகும். மேலே தண்டவாளம் மட்டும் ஒழுங்காகத் தெரியும், அடியில் காற்று. இதைக் கண்டுபிடிக்க இருட்டில் விளக்கோடு ஒரு மனிதர் நடந்தே ஆக வேண்டும். உடைப்பைக் கண்டால் 600 மீட்டர் தள்ளி ஒரு டெட்டனேட்டர், 1,200 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று என்று தண்டவாளத்தில் வைக்க வேண்டும். சக்கரம் ஏறியதும் அவை வெடித்து ஓட்டுநரை நிறுத்தும். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டரைத் தாண்டிப் பெய்தது. ஆண்டு மழையில் பாதி! அப்படிப்பட்ட நாளில் 'மழையில் வேலை வேண்டாம்' என்ற பொது விதி ரயிலில் இருப்பவர்களைக் காப்பாற்றாது. ரோந்து போகிறவருக்கு நல்ல காலணி, விளக்கு, துணைக்கு ஒரு ஆள் கொடுப்பதே வழி. வளையில் தண்ணீர் புகுந்த பாம்புகளும் மேடு தேடி அதே கரையில்தான் ஏறியிருக்கும்.

காற்று தனிக் கதை. 1964 டிசம்பர் 22 இரவு பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பயணிகள் ரயிலைப் புயல் அலை அடித்துப்போனது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இன்று பாம்பன் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் சிவப்பாகிவிடும். மழை பெய்கிறதா என்று அந்தக் கருவி கேட்பதில்லை, மேஸ்திரியின் அவசரமும் அதற்குத் தெரியாது. காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 29 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சதுர மீட்டரில் சுமார் 4 கிலோ எடை தள்ளுகிறதென்றால், 58-இல் அது 16 கிலோ. இலை நிறைந்த மரத்தில் இருப்பவருக்கு இது இன்னும் முக்கியம். நனைந்த இலையின் கூடுதல் எடை ஒரு பக்கம், ஊறிய மண் இன்னொரு பக்கம். மண்துகள்களுக்கு இடையே நீர் நிரம்பினால் அவை ஒன்றையொன்று அழுத்திப் பிடிப்பது குறைந்து, வேரின் பிடி தளரும். போன வாரம் தாங்கிய அதே காற்றில் இந்த வாரம் மரம் சாயும்.

மின்னலுக்கு மட்டும் எந்தச் சமாதானமும் கிடையாது. இடி கேட்கிறது என்றாலே நீங்கள் எட்டும் தூரத்தில் இருக்கிறீர்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 நொடிக்குக் குறைவென்றால் அது 10 கிலோமீட்டருக்குள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் மரத்தடியும் தண்டவாளமும் வேண்டாம். எங்கோ விழுந்த மின்னலைத் தண்டவாளம் வெகு தூரம் கொண்டுவரும். புனேயில் உள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் 'தாமினி' செயலி அருகில் மின்னல் விழுவதைக் காட்டும். குழுவுக்கு ஒரு போனில் அதை வைத்திருந்தால் செலவு ஒன்றுமில்லை.

ரெயின்கோட் போட்டால் தீர்ந்தது என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. நம் ஊர் மழையில் பெரும்பாலும் புழுக்கமும் சேர்ந்தே இருக்கும். பிளாஸ்டிக் கோட்டுக்குள் வியர்வை ஆவியாகாது. கடப்பாரை பிடிக்கிறவர் மழையில் நின்றபடியே வெப்பத்தில் தளர்வார். தண்ணீர் குடிக்கச் சொல்லி யாராவது ஞாபகப்படுத்த வேண்டும்.

இத்தனையும் தெரிந்தாலும் தூறலில் இறங்கத்தான் செய்வார்கள், காரணம் கூலி. நின்றால் அரைநாள் சம்பளம் போகும் என்றால் யாரும் நிற்கமாட்டார்கள். நிறுத்தச் சொல்பவரும் நிறுத்தினால் நட்டப்படுபவரும் வேறு வேறு ஆளாக இருக்கும் வரை, அலுவலகச் சுவரில் ஒட்டிய பாதுகாப்புத் தாள் சுவரிலேயே இருக்கும். மழைக்கு நின்ற மணிநேரத்துக்கும் கூலி என்று ஒப்பந்தத்திலேயே எழுதுவதுதான் இதில் பலன் தரக்கூடிய பாதுகாப்புக் கருவி என்பேன்.

மழை விட்டதும் வேலை தொடங்குவார்கள். அப்போதும் மண் காய்ந்திருக்காது. 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு டெல்டா முழுக்க நடந்தது போல, சாய்ந்த மரங்களை அறுக்கும் வேலை அப்போதுதான் வரும். வேரோடு சாய்ந்த மரம் இழுத்துக் கட்டிய வில் மாதிரி விறைப்பாக இருக்கும். தண்டை அறுத்ததும் வேர்மண் கட்டி சட்டென்று நிமிர்ந்து பழைய குழிக்குள் உட்காரும். அந்தக் குழிக்குள் யாரும் நிற்கக் கூடாது. அறுந்து கிடக்கும் கம்பி 'கரண்ட் இல்லை' என்பதால் செத்த கம்பி ஆகிவிடாது. மின்தடையில் ஏதாவது ஒரு ஐஸ் கம்பெனியோ வீடோ ஜெனரேட்டரை முறையாகப் பிரிக்காமல் ஓட்டினால், அந்த 230 வோல்ட் டிரான்ஸ்பார்மருக்குள் பின்பக்கமாக நுழையும். டிரான்ஸ்பார்மருக்கு முன்பக்கம், பின்பக்கம் என்ற வித்தியாசம் கிடையாது. அந்தப் பக்கம் 11,000 வோல்ட்டாக வெளியே வரும். கம்பியைக் கண்டால் பத்து மீட்டர் தள்ளி நின்று மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்லிவிட்டு, அவர்கள் வேலையிடத்துக்கு இரண்டு பக்கமும் கம்பியைத் தரையோடு இணைக்கும் வரை ரம்பத்தைக் கீழே வைத்திருப்பது நல்லது.